செர்ரி மரத்தை விடுங்க, டைரியைப் பிள்ளைங்க கையில குடுங்க: அமெரிக்கத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல ஊர் ஊரா தமிழ்ப் பள்ளி நடத்துற பொறுப்பாளர்கள், ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு வந்து பாடம் எடுக்குற ஆசிரியர்கள், கூடவே நிக்குற பெற்றோர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நானும் உங்கள்ல ஒருத்திதான். மிசௌரில கன்சாஸ் சிட்டி பக்கம் இருக்கேன், எட்டு வருஷமா பெரிய பிள்ளைங்க வகுப்பு எடுக்குறேன். 2026 ஜூலை 4-ஓட இந்த நாட்டோட சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 வருஷம், நம்ம பள்ளிகள்லயும் கலைநிகழ்ச்சி, நாடகம், பேச்சுப்போட்டின்னு பிளான் ஓடிக்கிட்டிருக்கு. அதைப் பத்தித்தான் எழுதுறேன்.

எங்க பள்ளில ஒரு வருஷம் ஆண்டுவிழாவுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் சின்ன வயசுல செர்ரி மரத்தை வெட்டிட்டு அப்பாகிட்ட பொய் சொல்லாம ஒத்துக்கிட்ட கதையை நாடகமா போட்டோம். வசனம் எழுதினது நான்தான். எல்லாம் முடிஞ்சு பிள்ளைங்க மேக்கப் கலைச்சுக்கிட்டு இருக்கும்போது வாஷிங்டனா நடிச்ச பையன் என்கிட்ட வந்து, "டீச்சர், இது நடக்கவே இல்லைன்னு எங்க ஸ்கூல்ல சொல்லிட்டாங்க"ன்னான். அவன் சொன்னது சரி. வாஷிங்டன் செத்த பிறகு மேசன் வீம்ஸ்னு ஒரு பாதிரியார் அவரைப் பத்தி எழுதின புத்தகத்துல, 1806-ல வந்த அஞ்சாவது பதிப்புல சேர்த்த கதை அது. பொய் சொல்லக்கூடாதுங்குற கதையே பொய். இருபது பிள்ளைங்களை ரெண்டு மாசம் அதுக்கு ரிகர்சல் பார்க்க வெச்சிருக்கோமேன்னு எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன், அந்தக் காலத்துல நிஜமா வாழ்ந்தவங்க அவங்க கையால என்னதான் எழுதி வெச்சிருக்காங்கன்னு. தேடத் தேட வந்துக்கிட்டே இருக்குங்க. சிப்பாய், மருத்துவச்சி, மாட்டுவண்டில குடும்பத்தோட மேற்கே போன அம்மாக்கள், பதிமூணு வயசுப் பொண்ணு, அடிமையா இருந்து தப்பிச்சு ஓடினவங்க, பூர்வகுடிப் பெண்கள்னு எல்லாரும் பேசியிருக்காங்க. அதுல பாதிக்கு மேல காப்பிரைட் முடிஞ்சு இணையத்துல சும்மா கிடக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு, தமிழ்தான் தடுமாறுது. அப்போ இந்த டைரிகளை அவங்களே தமிழ்ல எழுதட்டுமேன்னு தோணுச்சு, போன வருஷம் என் வகுப்புல ஆறு பிள்ளைங்களை வெச்சு செஞ்சு பார்த்தோம். இந்த மடலோட கோரிக்கை அவ்வளவுதான், 250-ஆவது வருஷத்துக்கு உங்க பள்ளிலயும் இதைச் செய்யுங்க.

முதல்ல எடுத்தது ஜோசப் பிளம் மார்ட்டின்னு ஒரு சிப்பாய். பிரிட்டிஷ்காரங்களை எதிர்த்து நடந்த சுதந்திரப் போர்ல, 1776-ல பதினஞ்சு வயசுல பட்டாளத்துல சேர்ந்தவரு, தளபதி கிளபதி எல்லாம் இல்ல, சாதாரண ஆளு. 1777 கடைசில அமெரிக்கக் காங்கிரஸ் நாடு முழுக்க நன்றி சொல்லும் நாள் கொண்டாடணும்னு உத்தரவு போடுது, பட்டினி கிடந்த படைக்கும் விருந்துன்னு சொல்றாங்க. என்ன விருந்துன்னா ஆளுக்கு அரை கில் அரிசி, ஒரு ஸ்பூன் வினிகர். கில்லுனா என்னன்னு பிள்ளைங்களுக்குப் புரியல, நான் கணக்குப் போட்டுப் பார்த்தா அரை கில் நம்ம அரை ஆழாக்குக்கும் கம்மி. அடுத்த வகுப்புக்கு ஒரு பொண்ணு அந்த அளவு அரிசியை சின்னக் கிண்ணத்துல அளந்து எடுத்துட்டு வந்து மேஜை மேல வெச்சிட்டா, ஒருத்தரும் பேசல. அவரு வயசுல ஒரு பையன் அந்த வகுப்புல இருந்தான், அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

1780 ஜனவரில மோரிஸ்டவுன்ல பனில மாட்டிக்கிட்டப்போ நாலு நாள் நாலு ராத்திரி குச்சில இருந்து கடிச்சு உரிச்ச பிர்ச் மரப்பட்டையைத் தவிர வாயில ஒண்ணும் போடலன்னு எழுதுறாரு, கூட இருந்தவங்க பழைய ஷூவைச் சுட்டுத் தின்னதைப் பார்த்தேன்னும் எழுதுறாரு. போரோட கடைசிப் பெரிய சண்டை நடந்த யார்க்டவுன் வரைக்கும் கூடவே போனாரு. எழுபது வயசுல, 1830-ல, மெய்ன் மாநிலத்துல ஹாலோவெல்ங்குற ஊர்ல அச்சடிச்சு தன் பேரைக்கூடப் போடாம அந்தப் புத்தகத்தை வெளியிட்டாரு. நாட்டுக்காகச் செஞ்சோம், நாடு எங்களைக் கைவிட்டுருச்சுங்குற கோபம் அதுல பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. இந்த நாடு எப்படிப் பொறந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லணும்னா அந்தக் கோபமும் தெரியணும்ங்குறது என் கருத்து.

அதே ஹாலோவெல்ல அவருக்கு முன்னாடியே ஒரு அம்மா டைரி எழுதிட்டு இருந்தாங்க, மார்த்தா பல்லார்ட்னு பேரு, மருத்துவச்சி. 1785-ல இருந்து 1812-ல சாகுற வரைக்கும் 27 வருஷம். தினம் நாலஞ்சு வரி. இன்னைக்கு மழை, இன்னார் வந்தாங்க, நூல் நூத்தோம், கென்னபெக் ஆத்தைப் படகுல தாண்டிப் போய் இன்னார் வீட்டுல பேறுகாலம் பார்த்தேன், கூலியா இன்னது குடுத்தாங்க, இப்படியே போகும். மொத்தம் 816 பிரசவம். ஆறு உறைஞ்சு கிடந்தாலும் உடைஞ்சுக்கிட்டு இருந்தாலும் தாண்டித்தான் போகணும். வீட்டு வேலைக் கணக்குதானேன்னு வரலாறு எழுதுறவங்க ரொம்ப காலம் இதைச் சீண்டவே இல்ல, லாரல் தாட்சர் உல்ரிக்னு ஒரு பேராசிரியை உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சு 1990-ல புத்தகமாக்கின பிறகுதான் அதோட அருமை வெளில தெரிஞ்சுச்சு, அடுத்த வருஷம் புலிட்சர் விருது கிடைச்சுது. மிட்வைஃப்ங்குறதுக்குத் தமிழ் என்னன்னு ஒரு பையன் கூகுள்ல தேடிக்கிட்டு இருந்தான். அவன் பாட்டிகிட்ட கேளுன்னேன். மருத்துவச்சின்னு சொன்னதோட நிக்கல அந்தம்மா, தன் நாலு பிள்ளைங்களையும் யாரு வந்து பார்த்தாங்க, எத்தனை மணிக்குப் பொறந்துச்சு, என்ன குடுத்து அனுப்பினோம்னு முக்கால் மணி நேரம் சொல்லியிருக்காங்க. பேரன்கிட்ட அதுவரைக்கும் சொல்லாத கதை.

அங்கதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. இந்த டைரிகள்ல இருக்குற வாழ்க்கை இங்க சாஃப்ட்வேர் கம்பெனில இருக்குற நமக்குத்தான் தூரம், ஊர்ல இருக்குற நம்ம அம்மா அப்பாவுக்குப் பக்கம். மாடு, நுகத்தடி, அச்சாணி, ஆத்துல வெள்ளம், விறகு பொறுக்குறது. இதுக்கெல்லாம் தமிழ்ல சொல் இருக்கு, நம்ம பிள்ளைங்களுக்கு அது தெரிய வழியே இல்ல, ஏன்னா நம்ம பாடப்புத்தகத்துல ஏரோப்ளேனும் பீட்சாவும்தான் இருக்கு.

எங்க ஊர்ல இருந்து இருபது நிமிஷம் கார்ல போனா இண்டிபெண்டன்ஸ். மேற்கே குடியேறப் போனவங்களோட வண்டிப்பாதை, ஆரகன் வழின்னு சொல்றாங்களே, அதுல நிறைய வண்டிகள் கிளம்பினது அங்க இருந்துதான். ஏறக்குறைய 2000 மைல், அஞ்சாறு மாசம், பெரும்பாலும் வண்டி பக்கத்துல நடந்துதான் போனாங்க, வண்டில சாமானும் முடியாதவங்களும்தான். வசந்தகாலத்துல கிளம்பி பனி விழுறதுக்குள்ள மலை தாண்டிரணும். வயோமிங்ல இண்டிபெண்டன்ஸ் ராக்னு ஒரு பெரிய மொட்டப்பாறை இருக்கு, ஜூலை 4-க்குள்ள அங்க வந்து சேர்ந்துட்டா நேரத்துக்குப் போயிருவோம்னு கணக்கு. போன கோடைல போயிருந்தோம், பாறை மேல அவங்க செதுக்கின பேர்களைக் கையால தடவிப் பார்த்தேன், சில எழுத்துல பாசி ஏறிப்போய் படிக்க முடியல.

அந்த வழில பிளாட்ங்குற ஆத்தோரமா போன நிறைய பேரு டைரில ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும், அந்தச் சமவெளில மரமே கிடையாது, அதனால காட்டெருமைச் சாணம் காஞ்சு கிடக்குறதைப் பொறுக்கி அடுப்பு எரிச்சாங்க. இங்கிலீஷ்ல அதுக்கு எருமை சிப்ஸ்னு பேரு. என் வகுப்புப் பொண்ணு ஒருத்தி அதை நேரா "எருமை வறுவல்"னு எழுதிட்டா. எங்க அம்மா தேனி பக்கத்துல இருந்து வீடியோ கால்ல இருந்தாங்க, அவ வாசிச்சதைக் கேட்டுட்டு, "வறுவலா? அது எருடி"ன்னாங்க. நான் வறட்டின்னு சொன்னேன். அதுக்கு, "வறட்டின்னா தட்டி காய வெக்கிறது, தட்டாம காட்டுல கெடந்து தானா காஞ்சது காட்டெரு, நாங்க கூடை எடுத்துட்டுப் போய் பொறுக்குவோம், மழை பேஞ்சா போச்சு"ன்னாங்க. மழை பேஞ்சா போச்சுன்னு அந்த டைரிகள்லயும் அதே புலம்பல் இருக்கு! 1850-ல நெப்ராஸ்கால ஒரு பொம்பளை பட்ட பாடும் எங்க அம்மா பட்ட பாடும் ஒரே கூடைல. அந்தப் பொண்ணு அன்னைக்கு வறட்டி, காட்டெருன்னு ரெண்டு சொல்லு கத்துக்கிட்டா, நான் ஒண்ணு கத்துக்கிட்டேன்.

வகுப்புல எல்லாரையும் பிடிச்சு வெச்சது அமீலியா ஸ்டூவர்ட் நைட் அம்மாவோட டைரிதான். 1853 ஏப்ரல்ல அயோவால இருந்து புருஷன், ஏழு பிள்ளைங்களோட கிளம்புறாங்க. மழை, சேறு, பிள்ளைங்களுக்குக் காய்ச்சல், மாடு செத்துப்போச்சு, நனைஞ்ச துணியோட படுத்தோம்னு அலுத்துப்போன குரல்ல சின்னச்சின்ன குறிப்பு. ஆகஸ்ட்ல ஒரு நாள் லூசிங்குற மகளை விட்டுட்டே கிளம்பிடுறாங்க. அவ ஆத்தங்கரைல உக்காந்து மத்த வண்டிங்க ஆத்தைக் கடக்குறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கா, அம்மா அவ பக்கத்து வண்டில இருக்கான்னு நெனைச்சுட்டாங்க. மைல் கணக்கா போயாச்சு, யாருக்கும் தெரியல, பின்னாடி வந்த இன்னொரு கூட்டம் அவளைக் கூட்டிட்டு வந்த பிறகுதான் தெரியுது. இதைப் படிச்சப்போ எங்க அம்மா போன்லயே "ஐயோ"ன்னுட்டாங்க.

அந்த டைரில எனக்கு ரொம்ப உறுத்தினது வேற. செப்டம்பர்ல, கிட்டத்தட்ட போய்ச் சேர்ற நேரத்துல, ரோட்டோரத்துல எட்டாவது குழந்தை பொறக்குது. அப்போதான் படிக்கிற நமக்கே தெரியுது அந்தம்மா வழி முழுக்கக் கர்ப்பமா இருந்தாங்கன்னு! அஞ்சு மாசம் எழுதின டைரில ஒரு இடத்துல கூட அதைச் சொல்லல. திரும்ப எடுத்துப் பொரட்டிப் பொரட்டிப் பார்த்தோம், உடம்பு சரியில்லைன்னு அங்கங்க ஒரு சொல்லு, அவ்வளவுதான். அந்தக் காலத்துல அதை எழுதுறது வழக்கமில்ல. கடைசில புருஷன் ரெண்டு ஜோடி மாட்டைக் குடுத்து நிலமும் அரை ஏக்கர் உருளைக்கிழங்கும் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன மரக்குடிசையும் வாங்குறாரு, அத்தோட பயணம் முடிஞ்சுதுன்னு எழுதி நிறுத்திடுறாங்க.

ஆனா வண்டில போனவங்க டைரியை மட்டும் படிச்சா பாதிக் கதைதான். இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா நம்ம நாடகத்துல எல்லாம் பூர்வகுடிங்கன்னா தலைல இறகு குத்திக்கிட்டு ஓரமா நிக்குற ரெண்டு பிள்ளைங்க, வசனம் கூட இருக்காது.

1846 கடைசில டோனர் குழுன்னு 87 பேரு குறுக்குவழின்னு யாரோ சொன்னதை நம்பிப் போய் நேரம் தவறி சியரா நெவாடா மலைல பனில மாட்டிக்கிட்டாங்க. கிட்டத்தட்ட பாதிப்பேரு செத்தாங்க, உயிரோட இருந்தவங்கள்ல சிலபேரு செத்தவங்க உடம்பைத் தின்ன வேண்டியதாச்சு. உள்ள இருந்த பேட்ரிக் பிரீன் நவம்பர் 20-ல இருந்து மார்ச் 1 வரைக்கும் எழுதின குறிப்பு இருக்கு, பனி எவ்வளவு, காத்து எந்தப் பக்கம், யாரு செத்தாங்க, மாட்டுத்தோலை வேக வெச்சுத் தின்னோம், கடவுள் காப்பாத்தணும். பிழைச்சு வந்த வர்ஜீனியா ரீட்ங்குற பொண்ணுக்குப் பதிமூணு வயசு, 1847 மே மாசம் ஊர்ல இருக்குற உறவுக்காரப் பொண்ணுக்கு ஸ்பெல்லிங் எல்லாம் தப்புத்தப்பா ஒரு கடுதாசி போட்டா, குறுக்குவழில மட்டும் போயிராத, முடிஞ்ச வேகத்துல வந்து சேருங்குற மாதிரி புத்தி சொல்லி. எழுத்துப்பிழைக்குப் பயந்து தமிழ்ல ஒரு வரி எழுதாத நம்ம பிள்ளைங்களுக்கு இதைக் காட்டணும். அவ தப்பா எழுதினா, ஆனா எழுதினா, இன்னைக்கு வரைக்கும் நிக்குது.

இப்போ அதே மலைக்கு அந்தப் பக்கம் வாங்க. நெவாடால பையூட் இனத்துல சேரா வின்னமக்கான்னு ஒரு பொண்ணு, அந்தச் சமயத்துல சின்னக் குழந்தை. வளர்ந்து 1883-ல தன் இனத்தோட கதையை இங்கிலீஷ்ல புத்தகமா போட்டாங்க, பூர்வகுடிப் பெண் ஒருத்தர் அப்படிப் போட்டதுல அறிஞ்ச வரைக்கும் அதுதான் முதல்னு சொல்றாங்க. அதுல எழுதுறாங்க, வெள்ளைக்காரங்க மனுஷங்களைக் கொன்னு தின்னுறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. ஒரு நாள் வெள்ளைக்காரங்க வர்றாங்கன்னு கேட்டு எல்லாரும் ஓடுறாங்க, பிள்ளைங்களால ஓட முடியல. அம்மாவும் சித்தியும் இவங்களையும் இன்னொரு சின்னப் பொண்ணையும் குழி தோண்டி கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு, மூஞ்சில வெயில் படாம செடியை நட்டு மறைச்சுட்டு, சத்தம் போட்டா தின்னுருவாங்கன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. பொழுது சாயுற வரைக்கும் அந்தக் குழிக்குள்ள. அம்மா திரும்பி வந்து தோண்டுற சத்தம் கேக்குற வரைக்கும் அந்தக் குழந்தை என்ன நெனைச்சிருக்கும்!

மலைல மாட்டிக்கிட்டவங்களைப் பத்தியும் எழுதுறாங்க, எங்க ஆளுங்க காப்பாத்தியிருக்க முடியும், ஆனா பயந்துட்டாங்க, பாவம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்கன்னு. பயந்துக்கிட்டு இருந்தவங்க வாயில இருந்து பாவம்னு வருதுங்க. வர்ஜீனியாவோட கடுதாசியையும் இந்தப் பகுதியையும் ஒரே நாள்ல படிக்க வெச்சேன், ரெண்டு பொண்ணு, ஒரே மலை. வேற பாடமே நான் எடுக்கல அன்னைக்கு.

செர்ரி மரத்துக்குப் பதிலா வாஷிங்டனைப் பத்தி ஏதாவது வேணும்னா ஓனா ஜட்ஜ் இருக்காங்க. வாஷிங்டன் குடும்பத்துல அடிமை, இருபத்திரண்டு வயசு இருக்கும். தன்னை மார்த்தா வாஷிங்டனோட பேத்திக்குக் கல்யாணப் பரிசா குடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் 1796 மே மாசம் ஃபிலடெல்பியால அந்தக் குடும்பம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது வெளில நடந்துட்டாங்க, கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர் போயிட்டாங்க. வாஷிங்டன் ஆள் விட்டுப் பார்த்தும் பிடிக்க முடியல. ஐம்பது வருஷம் கழிச்சு ஏழ்மைல இருந்தப்போ பத்திரிகைக்காரங்க பேட்டி எடுத்தாங்க, அங்கேயே இருந்திருந்தா இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காதே, வருத்தமான்னு கேட்டதுக்கு, இல்ல, நான் சுதந்திரமா இருக்கேன்னாங்க. ஜூலை 4-க்கு மேடைல இதைவிடப் பொருத்தமா என்ன வசனம் வேணும்?

செரோக்கிங்குற பூர்வகுடி மக்களையும் தமிழ்ப் பள்ளிங்க விடக்கூடாது. செக்வோயான்னு ஒருத்தரு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவரு, தன் மொழிக்கு எண்பத்தஞ்சு எழுத்துக்கு மேல தானே உருவாக்கினாரு, நம்ம உயிர்மெய் மாதிரி ஒரு அசைக்கு ஒரு எழுத்து. 1828-ல அந்த எழுத்துல பத்திரிகையே வந்துச்சு. பத்தே வருஷத்துல அரசாங்கம் அந்த மக்களைத் துப்பாக்கி முனைல மிசிசிப்பிக்கு மேற்கே விரட்டுச்சு, வழில செத்தவங்க ஏறக்குறைய 4000 பேருன்னு கணக்கு சொல்றாங்க. எழுத்து இருந்தும் மண்ணு போச்சு. ஆனா அந்த எழுத்தை இன்னைக்கும் அவங்க பிள்ளைங்க பள்ளில படிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை அ ஆ இ எழுத மாட்டேன்னு அடம்புடிக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்க.

சிலபேரு என்கிட்ட கேட்டாங்க, தமிழ்ப் பள்ளில அமெரிக்க வரலாறு எதுக்கு, அதான் ஸ்கூல்ல படிக்குதுங்களேன்னு. நாம ஏற்கெனவே மேடைல அதைப் போட்டுக்கிட்டுதான் இருக்கோம், போடுறதை உண்மையா போடலாமேங்குறேன். இன்னொரு பெற்றோர், நரமாமிசம், அடிமைன்னு பிஞ்சு மனசுக்கு எதுக்குன்னு வருத்தப்பட்டாங்க. அவங்க கவலை நியாயம்தான், நாங்களும் பத்து வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு இதையெல்லாம் குடுக்கல, அவங்களுக்கு மேற்கே வழி கண்டுபிடிக்கப் போன லூயிஸ், கிளார்க்னு ரெண்டு பேரோட பயணக் குறிப்புல இருந்து குடுத்தோம். 1805 பிப்ரவரில அவங்களோட இருந்த சகாகவியாங்குற பூர்வகுடிப் பொண்ணுக்குப் பிரசவ வலி நீடிச்சப்போ கூட இருந்த ஒருத்தரு சொன்ன வைத்தியம்னு கிலுகிலுப்பைப் பாம்போட வால் கிலுக்குல ரெண்டு வளையத்தை நொறுக்கித் தண்ணில கலந்து குடுத்தாங்க, பத்து நிமிஷத்துல குழந்தை பொறந்துச்சு, மருந்தாலதானான்னு எனக்குத் தெரியலைன்னு லூயிஸ் எழுதியிருக்காரு. பிள்ளைங்க அதை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. ஒரு குட்டிப் பையன் கேட்டான், அந்த அம்மா என்ன எழுதினாங்கன்னு. அவங்க ஒண்ணும் எழுதல, எழுதத் தெரியாது, அவங்களைப் பத்தி மத்தவங்க எழுதினதுதான் இருக்குன்னேன். அவனுக்கு அது பிடிக்கல. எனக்கும்தான்.

எப்படிச் செய்யலாம்னு கேட்டீங்கன்னா, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும். முழு டைரியும் வேணாம். பேச்சுத்தமிழ்லயே எழுத விடுங்க, அந்த டைரிங்களும் பேச்சுமொழிதான். புரியாத சொல்லுக்கு அகராதிக்கு முன்னாடி ஊருக்கு ஒரு போன். லூயிஸ் கிளார்க் குறிப்பு மொத்தமும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இணையத்துல போட்டிருக்காங்க, மார்த்தா அம்மா டைரியும் கிடைக்குது. எங்க ஆறு பிள்ளைங்க எழுதினது பதினெட்டுப் பக்கம் இருக்கு, பிழையோடதான் இருக்கு, கேட்டா அனுப்புறேன், எடுத்துத் திருத்திப் பயன்படுத்துங்க, உங்க பிள்ளைங்க எழுதினதை எங்களுக்கு அனுப்புங்க. ஆண்டுவிழாவுல நாடகத்துக்கு ஒதுக்குற இருபது நிமிஷத்துல பத்து நிமிஷம் இதுக்குக் குடுங்க, ஒரு பிள்ளை வந்து மைக் முன்னாடி ஒரு பக்கத்தை வாசிக்கட்டும், காஸ்ட்யூம் எதுவும் வேணாம்.

எங்க அம்மா இப்பவும் ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா முதல் கேள்வியா அந்த ஜன்னல் இல்லாத வீட்டைப் பத்தித்தான் கேக்குறாங்க, கைக்குழந்தையோட அந்தக் குளிர்ல எப்படி இருந்தாங்கன்னு. டைரி அங்கேயே நின்னுருச்சும்மான்னு சொல்லியாச்சு. இருந்தாலும் தேடிப் பாருங்குறாங்க. தேடிக்கிட்டு இருக்கேன்.

அன்புடன்,
மிசௌரில இருந்து ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை